ஊரில் குடும்பப் படம்: உடுப்பை எங்கிருந்து தொடங்குவது

கனடாவிலும் லண்டனிலும் இருந்து குடும்பப் படம் எடுக்க யாழ்ப்பாணம் போகிறவர்கள் வாட்ஸ்அப்பிலேயே நிறத்தை முடிவுசெய்து, எல்லாருக்கும் ஒரே சீலையாகப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போகிறார்கள். முதலில் கேட்கவேண்டியது வீட்டில் மூத்தவரை. கணவரை இழந்த அம்மம்மா அரக்குச் சிவப்பை உடுக்கமாட்டார். "நீங்கள் எடுங்கோ பிள்ளையள், நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்று குசினிப் பக்கம் போய்விடுவார். அவர் இல்லாத படத்துக்கு இவ்வளவு தூரம் போயிருக்கவே தேவையில்லை. அவர் வழக்கமாக உடுக்கிற நிறத்தை நடுவில் வைத்து மற்றவர்களுடையதைப் பொருத்துங்கள். அவருக்குச் சந்தனம் என்றால் மகள்மாருக்கு மயில்நீலமும் கடும்பச்சையும், ஆண்களுக்கு வேட்டியும் சந்தனச் சேர்ட்டும் நன்றாக நிற்கும். வீட்டில் யாரும் இறந்து ஆட்டைத் திவசம் (முதலாம் ஆண்டுத் திவசம்) முடியவில்லை என்றால் பட்டு வேண்டாம், கைத்தறிப் பருத்தி போதும்.

ஊரில் இருப்பவர்களிடம் "பச்சையில் ஏதும் உடுத்துங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவர்களுக்கு ஒரு புதுச் செலவு. இல்லை என்று வாய்திறந்து சொல்லவும் மாட்டார்கள். உங்களுக்கு வாங்கும் அதே தரத்தில் அவர்களுக்கும் வாங்குங்கள்.

இனிச் சீலைச் சட்டை. அலைச்சல் முழுக்க இதில்தான். சீலையோடு வரும் சட்டைத் துணி பெரும்பாலும் முக்கால் மீற்றருக்கும் ஒரு மீற்றருக்கும் இடையில் இருக்கும். முழங்கைவரை கை வைத்தால் பலருக்குப் போதாது. வெட்டமுன் விரித்து அளக்கச் சொல்லுங்கள். பருத்தி லைனிங்கை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, காயவைத்து, அயன் பண்ணிய பிறகுதான் வெட்டவேண்டும். அவசரத்தில் விடுபடுவது இதுதான்: பிறகு ஈரம் பட்டு அயன் பண்ணியதும் லைனிங் சுருங்கி, மேல்துணி மார்புக்குக் கீழே சுருக்கம் சுருக்கமாகத் தொங்கும். இழுபடும் துணியில் தைத்த ரெடிமேட் சட்டையை அளவுக்குக் கொடுத்தாலும் பிழையாகிவிடும். பட்டு இழுபடாது, கொக்கி பூட்டாது. உடம்பில் அளக்க விடுங்கள். பக்கத் தையல்களில் ஒன்றரை அங்குலம் துணி உள்ளே விடச் சொல்லுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நேரே நின்றால் ஒன்றும் தெரியாது. பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் உயர்த்துங்கள். சட்டை முழுவதும் மேலே ஏறினால் கைக்குழியை ஆழமாக வெட்டிவிட்டார்கள். இறுக்கத்தைத் தையல் பிரித்துச் சரிசெய்யலாம். வெட்டிய துணி திரும்ப வராது, கக்கத்தில் துண்டு வைத்துத் தைப்பதுதான் மிச்ச வழி.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், ஆவணிக் கலியாணக் காலமும், பொங்கலுக்கு முந்திய கிழமைகளும் தையல் கடையில் துணி குவிந்து கிடக்கும். "நாளைக்கு வாங்கோ அக்கா" என்பதை அப்படியே நம்பிப் படப்பிடிப்புக்கு நாள் குறிக்காதீர்கள். சட்டை கைக்கு வந்தபின் நாலு நாளாவது இடைவெளி வேண்டும். அதிகக் காசு நீட்டி முந்தவும் வேண்டாம். உங்களுடையது முன்னுக்கு வந்தால், மாதக்கணக்காகக் காத்திருக்கும் ஊர்ப்பிள்ளை ஒருத்தியின் சட்டைதான் பின்னுக்குப் போகிறது. முடிந்தால் சட்டையை இருக்கிற நாட்டிலேயே தைத்துக்கொண்டு போங்கள்.

இடத்தைப் பார்த்துத் துணியை எடுங்கள். ஆடி, ஆவணியில் கசூரினாக் கடற்கரையிலும் பண்ணைப் பாலத்திலும் காற்று பிய்க்கும். ஜோர்ஜெட் முந்தானை முகத்தை மூடும், கனமான பருத்திதான் நிற்கும். உரும்பிராய், கோப்பாய்த் தோட்டவெளிகளில் செம்பாட்டு மண் வேட்டிக் கரையில் பிடித்தால் அன்றைக்குப் போகாது. அங்கே கடைசியாகப் போங்கள். பொது நூலகத்தின் வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளை வேட்டி சேர்ட் கரைந்துவிடும். நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும், படம் எடுக்கவும் விடமாட்டார்கள்; வெளிவீதிக்குத்தான் திட்டமிடவேண்டும். எங்கே எடுத்தாலும் காலை எட்டுக்கு முன் எடுங்கள், இல்லாவிட்டால் பின்னேரம் நாலரைக்குப் பின். சாம்பல் சேர்ட்டில் வேர்வை வட்டமாகத் தெரியும். நெருக்கமான மெல்லிய கோடுகள் கமராவில் அலையலாக நெளியும்.

பிள்ளைகளின் பட்டுப்பாவாடைக்கு உள்ளே பருத்தி லைனிங் இல்லாவிட்டால் அரை மணித்தியாலத்தில் அழுவார்கள். எல்லாரும் உடுத்து முடிந்தபின் அவர்களுக்கு உடுத்துங்கள். இராணுவப் புள்ளி போட்ட காற்சட்டைகளை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அங்கே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர்களோடு நிற்கும் படத்தில் அந்தத் துணி வேண்டாம்.