குழந்தைக்கு மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

இன்ஃபுளுவென்சா எனப்படும் ஃப்ளூ காய்ச்சலைத் தடுக்க ஊசியில்லாத மருந்து ஒன்று உண்டு என்று அறிந்ததும், ஊசியைக் கண்டாலே அலறும் குழந்தையின் பெற்றோருக்கு நிம்மதி பிறப்பது இயல்பு. அந்த நிம்மதி நியாயமானதே. ஆயினும் ஊசி இல்லை என்ற ஒரே காரணத்தால் இதை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துப்போகும் மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. மருந்தைத் தெளிப்பதற்குச் சில நொடிகள் போதும். இந்தக் குழந்தைக்கு இது ஏற்றதுதானா என்று அதற்கு முன்பு பார்ப்பதில்தான் பெற்றோரின் முழுக் கவனமும் இருக்க வேண்டும்.

ஊசியாகப் போடப்படும் ஃப்ளூ தடுப்பு மருந்துகளில் உயிருள்ள வைரஸ் கிடையாது. மூக்கில் தெளிக்கும் மருந்தில் உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்ட வைரஸ்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸில் நன்கு பெருகும்படி இவை ஆய்வகத்தில் பழக்கப்பட்டிருப்பதால், உடலின் மற்ற பகுதிகளைவிடக் குளிர்ந்திருக்கும் மூக்கினுள் ஓரளவு பெருகி எதிர்ப்பாற்றலைத் தூண்டுகின்றன. வெப்பம் மிகுந்த நுரையீரலில் நன்றாகப் பெருக முடிவதில்லை. நல்ல உடல்நலமுள்ள குழந்தைக்கு இந்த மருந்து ஃப்ளூ நோயை உண்டாக்காது என்பதற்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கு இதைத் தவிர்ப்பதற்கும் அடிப்படை இதுவே.

முதலில் வயதைப் பாருங்கள். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு இதைத் தரக் கூடாது. அந்த வயதில் இது மூச்சிரைப்பைக் கூட்டியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆறு மாதம் நிறைந்த கைக்குழந்தைகளுக்கு ஊசி வடிவ மருந்து இருக்கிறது.

அடுத்தது மூச்சு தொடர்பான கேள்வி. பெற்றோர் அவசரமாகப் பதில் சொல்லிவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். “குழந்தைக்கு ஆஸ்துமா இருக்கிறதா?” என்று செவிலியர் கேட்கும்போது, மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை என்பதற்காக “இல்லை” என்று முடித்துக்கொள்ளாதீர்கள். சளி பிடித்தபோது இழுப்பு வந்ததா, நெபுலைசர் வைத்தார்களா, இன்ஹேலர் தந்தார்களா, கடைசியாக அது எப்போது நடந்தது என்பதையெல்லாம் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2 முதல் 4 வயதுவரையுள்ள குழந்தைக்குக் கடந்த 12 மாதங்களில் இழுப்பு வந்திருந்தால் இந்த மருந்தைத் தருவதில்லை. பிரிட்டனில், இப்போது இழுப்பு இருக்கும் குழந்தைக்கும் கடந்த மூன்று நாட்களுக்குள் இழுப்பு வந்த குழந்தைக்கும் தெளிப்பதில்லை. விதி இப்படி நாட்டுக்கு நாடு மாறுவதால், நடந்ததை அப்படியே சொல்லி, முடிவை மருத்துவரிடம் விடுவதே பாதுகாப்பானது.

புற்றுநோய்ச் சிகிச்சையாலோ, அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரையாலோ, பிறவிக் குறைபாட்டாலோ எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைக்கும், நோய்க்காக ஆஸ்பிரின் தொடர்ந்து உட்கொள்ளும் குழந்தைக்கும், அமெரிக்க விதிப்படி, செவித்திறனுக்காகக் காதினுள் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைக்கும் இந்த மருந்து ஏற்றதன்று. முன்பு ஃப்ளூ தடுப்பு மருந்தால் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். முட்டை ஒவ்வாமை மட்டும் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் அது தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையாக இருந்ததுண்டா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மருந்தில் பன்றியிலிருந்து பெறப்படும் ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. சமய நெறிப்படி அதை ஏற்க இயலாத குடும்பத்தினர் தயங்காமல் ஊசி வடிவத்தைக் கேட்கலாம். வீட்டில் எவருக்கேனும் எலும்பு மச்சை மாற்று சிகிச்சை அண்மையில் நடந்திருந்தால், தெளித்த வைரஸ் குழந்தையின் மூக்கிலிருந்து சில நாட்கள் வெளிப்படக்கூடும் என்பதால், அதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

மருந்து கொடுக்கும் நாளில் லேசான சளி இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. மூக்கு முழுவதும் அடைத்திருந்தால் மருந்து உள்ளே சரியாகப் படியாது. அப்போது சில நாட்கள் தள்ளிப்போடலாம், அல்லது ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சலும் சோர்வும் கடுமையாக இருந்தால் குணமான பிறகு போவதே நல்லது.

குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள்: ஊசி கிடையாது, மூக்கில் கூச்சமாக இருக்கும், உடனே முடிந்துவிடும். “ஒன்றுமே செய்ய மாட்டார்கள்” என்று சொல்லி அழைத்துச் சென்றால் அடுத்த ஆண்டு அந்தக் குழந்தை நம்மை நம்பாது. சிறு குழந்தையை நிமிர்ந்த நிலையில் மடியில் அமர்த்தி, தலையை உங்கள் மார்பில் சாய்த்து, கைகளை மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். தெளிப்பானின் நுனி மூக்குத் துவாரத்தின் முகப்பில் மட்டுமே நுழையும். மொத்த அளவு 0.2 மில்லிலிட்டர், ஒவ்வொரு துவாரத்திலும் 0.1 மில்லிலிட்டர். பாதி அளவு வந்ததும் நிற்கும்படி தெளிப்பானில் சிறு தடுப்பு ஒன்று இருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபுறம் தெளிப்பார்கள். குழந்தை உறிஞ்ச வேண்டியதில்லை, மூச்சை அடக்க வேண்டியதும் இல்லை. இயல்பாக மூச்சுவிட்டால் போதும். தெளித்தவுடன் தும்மினாலும், மூக்கு ஒழுகினாலும், விழுங்கிவிட்டாலும் மறுபடி தெளிக்கத் தேவையில்லை.

பிறகு ஓரிரு நாட்கள் மூக்கு ஒழுகுதல், மூக்கடைப்பு, தலைவலி, பசியின்மை, லேசான காய்ச்சல் ஆகியவை வரலாம். காய்ச்சலுக்குக் குழந்தையின் எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. ஃப்ளூ வைரஸும் ஆஸ்பிரினும் சேரும்போது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி எனும் அரிய, ஆபத்தான பாதிப்பு ஏற்படலாம் என்பதால், மருந்து கொடுத்த பின் நான்கு வாரங்கள்வரை இந்தத் தடை நீடிக்கிறது. முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், உடலெங்கும் தடிப்பு ஆகியவை தோன்றினால் ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவ உதவியை நாடுங்கள்.

பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே ஃப்ளூ பரவத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வதுதான் பயன் தரும். பரவும் வைரஸ் வகைகள் மாறிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் மருந்தில் சேர்க்க வேண்டிய வகைகளை வடகோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென்கோளத்துக்குச் செப்டம்பரிலும் புதிதாகப் பரிந்துரைக்கிறது. சென்ற ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்குப் போதாது.

இரண்டாம் தவணை தேவையா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில், முன்பு மொத்தம் இரண்டு தவணையாவது பெற்றிராத 9 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தருகிறார்கள். பிரிட்டனில் பொதுவாக ஒன்றே போதும் என்கிறார்கள். ஓசெல்டாமிவிர் போன்ற ஃப்ளூ எதிர்ப்பு மருந்து இந்தத் தடுப்பு மருந்தின் வைரஸையும் செயலிழக்கச் செய்யும். தெளிப்பதற்கு முந்தைய இரண்டு நாட்களிலோ பிந்தைய இரண்டு வாரங்களிலோ குழந்தை அதை உட்கொண்டிருந்தால் மீண்டும் போட வேண்டியிருக்கலாம் என்பதால், தெளித்த தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த நாட்களில் எந்த மருத்துவரிடம் சென்றாலும் அட்டையைக் காட்டுங்கள்.