மேற்கோள் கணக்கில் சறுக்கும் இடங்கள்

போன மாதம் சிங்கப்பூர்த் தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, என் கட்டுரைக்குக் கூகுள் ஸ்காலர்ல 41 மேற்கோள் காட்டுது, ஸ்கோப்பஸ்ல 19தான். எது சரி?"

மேற்கோள் என்றால், ஒரு கட்டுரையைப் பிறர் தங்கள் ஆய்வில் சான்றாகக் குறிப்பிடுவது. அதை எண்ணிச் சொல்லும் தளங்கள்தான் இவை. இரண்டும் சரிதான். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, இதழில் வருமுன் வலையேற்றும் முன்வரைவு என்று வலையில் சிக்குவதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் மட்டும் பார்க்கும். உங்கள் எண்ணை ஒன்றிலும் அடுத்தவர் எண்ணை மற்றொன்றிலும் எடுத்து ஒப்பிடுவதுதான் தவறு. எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி பெயர்தான். ஒருவர் பெயர் சிவா, அப்பா பெயர் கண்ணன் என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் இரண்டும் இருக்கும். ஒரு இதழ் 'எஸ். கண்ணன்' என்று போடும், இன்னொன்று 'கே. சிவா' என்று போடும், மூன்றாவது முழுப்பெயரையும் போடும். தரவுத்தளத்துக்கு இவர்கள் மூன்று பேர்! மேற்கோள்கள் சிதறிவிடும். போதாக்குறைக்கு, இன்னொரு எஸ். கண்ணனின் கட்டுரையும் வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் கட்டுரையிலிருந்தே பெயரை ஒரே மாதிரி எழுதி, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணையும் சேர்த்துவிட்டால் பாதித் தொல்லை போய்விடும்.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைக் கட்டுரையின் தகுதியாகச் சொல்லிக்கொள்வது அடுத்த சறுக்கல். அது வெறும் சராசரி. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. 'ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ' என்ற இதழுக்கு 2 போலிருந்த இந்த எண் 2009இல் ஏறக்குறைய 50க்குத் தாவியது. காரணம், படிக அமைப்பைக் கணிக்கும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி 2008இல் வந்த ஒரே ஒரு கட்டுரை. அதே இதழில் எழுதிய மற்றவர்களுக்கு அதில் என்ன பங்கு?

ஒருவரின் கட்டுரைகளில் பத்து, தலா பத்து மேற்கோளாவது பெற்றிருந்தால் அவருடைய எச் இன்டெக்ஸ் 10; பதினொன்று, தலா பதினொன்றாவது பெற்றால் 11. இந்த எண் (2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்தது) வயதோடு ஏறும், இறங்காது. அதை வைத்து இளையவரையும் மூத்தவரையும், கணிதத்தையும் மருத்துவத்தையும் எடைபோடாதீர்கள்.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்றும் நினைக்க வேண்டாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த வேக்ஃபீல்டின் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுத்து எழுதியவர்களும் அதைக் குறிப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? ஒவ்வொரு மறுப்பும் மேற்கோள் கணக்கில் ஒன்று.

இதற்கு நேர்மாறானது பூஜ்யம். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் பற்றித் தமிழில் எழுதியவை பெரும்பாலும் மாநாட்டு மலர்களிலும் நூல்களிலும்தான் இருக்கின்றன. ஸ்கோப்பஸ் அந்தப் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே பூஜ்யம் என்று வந்தால், யாரும் படிக்கவில்லை என்று மதிப்பீட்டுப் படிவத்தில் நீங்களே ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த ஆசிரியர் வகுப்பில் பயன்படுத்தினார், எந்த நூலின் அடிக்குறிப்பில் வந்தது என்று தேடிப் பிடித்து எழுதுங்கள்.