முதல் சாம்பிள் கைக்கு வந்தால்

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொருள் வடிவமைப்பு படித்துவிட்டு வருகிற தம்பி தங்கைகள் பலர், நாள் முழுக்க வரைகிற வேலை என்று நம்பி வருகிறார்கள். வரைவது கொஞ்சம்தான். மீதி நேரம் தொழிற்சாலையோடுதான் பேச்சு. உருகிய பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சிலிருந்து வருகிற முதல் சாம்பிளைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை கைக்கு வந்துவிடும்.

ஜோகூர்த் தொழிற்சாலையிலிருந்து பெட்டி வந்ததும் சாம்பிளை ஜன்னல் பக்கம் எடுத்துப் போங்கள். வெளிச்சம் மேற்பரப்பில் வழுக்கிப் போகிற மாதிரி சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத குழிவு அப்போது தெரியும். அந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் அநேகமாக ஒரு ரிப், அதாவது சுவருக்கு வலுவூட்டும் பட்டை, இருக்கும். அங்கே பிளாஸ்டிக் தடிப்பாக இருப்பதால் மெதுவாக ஆறுகிறது. சுருங்கும்போது வெளித்தோலையும் உள்ளே இழுத்துவிடுகிறது. சுவர் 2.5 மில்லிமீட்டர் என்றால் ரிப்பின் அடியை நான் 1.5-க்கு மேல் விடமாட்டேன். தொழிற்சாலைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் நம் வடிவமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

பக்கச் சுவரில் இழுபட்ட கோடுகள் இருந்தால், அச்சிலிருந்து உரசாமல் வெளியே வர சுவருக்குக் கொடுக்கிற சாய்வு பெரும்பாலும் போதவில்லை என்று அர்த்தம். வழவழப்பான சுவருக்கு 1 டிகிரியாவது கொடுங்கள், சொரசொரப்பு வைத்தால் இன்னும் கூட்டுங்கள்.

திருத்தம் கேட்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: அச்சின் எஃகைச் செதுக்குவது சுலபம், சேர்ப்பதற்குத்தான் செலவும் நாளும். எஃகைச் செதுக்கிய இடத்தில் பிளாஸ்டிக் கூடும், அதாவது ரிப்பைத் தடிப்பாக்கலாம், மெலிதாக்குவது பெரும்பாடு. அதனால் ரிப்பை முதலிலேயே மெலிதாக வையுங்கள். மூடி பொருந்துமா என்று சந்தேகம் இருக்கிற இடத்தில் தளர்வாக விட்டு, அப்புறம் இறுக்குங்கள். ஒவ்வொரு குறைக்கும் படம் எடுத்து, அம்புக்குறி போட்டு, அளவோடு அனுப்புங்கள். "கொஞ்சம் சரி பண்ணுங்கள்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது.

இந்தக் கட்டத்தில் வீடு திரும்ப நேரமாகும், சில நாள் கடற்பாலம் தாண்டிப் போய் அச்சுப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டப்படி, நம்மைப் போன்றவர்களின் அடிப்படைச் சம்பளம் மாதம் 2,600 வெள்ளியைத் தாண்டினால் ஓவர்டைம் பணம் கட்டாயமில்லை. ஆகவே, ஈடாக விடுப்பு உண்டா என்பதைக் கையெழுத்து போடும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அது உங்கள் உழைப்பு.

தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 அக்டோபர் 30 முதல், வாடிக்கையாளர் சொல்லிச் செய்த வடிவமும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாதவரை, வடிவமைத்தவருக்கே சொந்தம். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.