பள்ளிப் பருவத்தில் உதவித்தொகை, தன்னார்வப் பணி, விடுமுறை வேலை: தமிழ்நாட்டு மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் ஒருவருக்கு எட்டும் தொலைவில் இருக்கும் உதவித்தொகைகள் குறைவானவை அல்ல. ஆனால் தேர்வில் வென்ற பிள்ளைகளே கூட, ஆதாரில் இன்ஷியல் மாறியிருந்ததாலோ, வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்ததாலோ, விண்ணப்பத் தேதி கடந்துவிட்டதாலோ பணத்தை இழந்து நிற்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. அதனால் இந்த விளக்கத்தைத் தாள்களிலிருந்து தொடங்கி, உதவித்தொகை, தன்னார்வப் பணி என்று நகர்ந்து, வேலையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அவசரமாகப் பணம் தேவைப்படும் குடும்பங்களுக்கும் இந்த வரிசையையே பரிந்துரைப்பேன்.

படி 1: பெயரும் பிறந்த தேதியும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்

பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, பள்ளியின் எமிஸ் பதிவு (பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கணினிப் பதிவு) ஆகிய மூன்றிலும் உங்கள் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவை எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எடுத்தெழுதுங்கள். நம் ஊரில் சிக்கல் பெரும்பாலும் இன்ஷியலில்தான் வருகிறது. ஓரிடத்தில் அது பெயருக்கு முன்னால் இருக்கும், இன்னோரிடத்தில் பின்னால் இருக்கும், மூன்றாவது இடத்தில் தந்தையின் முழுப் பெயராகவே விரிந்திருக்கும். மனிதக் கண் இவை மூன்றையும் ஒருவராகவே பார்க்கும். கணினி மூன்று பேராகப் பார்த்து விண்ணப்பத்தை நிறுத்திவிடும்.

பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருத்துவதே எளிய வழி. எமிஸ் பதிவைத் தலைமையாசிரியர் வழியாகவும், ஆதாரை ஆதார் சேவை மையத்திலும் திருத்தலாம். 15 வயது ஆனதும் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் கட்டாயமாகப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், அந்த வேலையையும் அதே நாளில் முடித்துவிடுங்கள். ஆதாருடன் இணைந்துள்ள கைபேசி எண் இன்னும் வீட்டில் பயன்பாட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்பா எப்போதோ கைவிட்ட சிம் கார்டுக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருந்தால் எந்த விண்ணப்பமும் நகராது.

பத்தாம் வகுப்பில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. பொதுத்தேர்வுக்கு முன் பள்ளி அனுப்பும் மாணவர் பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரியாக இருக்கிறதா என்பதை நீங்களே நேரில் பாருங்கள். அந்தப் பட்டியலில் உள்ளபடிதான் மதிப்பெண் சான்றிதழ் அச்சாகும். அச்சான பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

படி 2: சான்றிதழ்களும் வங்கிக் கணக்கும்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகிய மூன்றும் பெரும்பாலான விண்ணப்பங்களுக்குத் தேவைப்படும். பெற்றோரும் உடன்பிறந்தோரும் பட்டம் பெறாத குடும்பமாக இருந்தால், பன்னிரண்டாம் வகுப்பிலேயே முதல் பட்டதாரிச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்; விண்ணப்பம் ஒன்றுக்கு ரூ.60 கட்டணம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரைக் கடந்து வட்டாட்சியர் அளவில் ஒப்புதல் பெற வேண்டியிருப்பதால், பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதக் கூட்டத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, 10 வயது நிரம்பியவர்கள் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. சிறு வயதில் பள்ளி வழியாகத் தொடங்கிய கணக்கு ஒன்று உங்களுக்கு ஏற்கெனவே இருக்கக்கூடும். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாமல் போயிருந்தால் அது செயலற்ற கணக்காகியிருக்கும், கிளைக்குச் சென்று உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் கேட்க வேண்டிய கேள்வி, ‘அரசு உதவித்தொகை வருவதற்கு இந்தக் கணக்கில் ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா?’ என்பதுதான். அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக ஆதார் எண்ணோடு அதை இணைப்பதே சீடிங். ஆதார் எண்ணை எத்தனை கணக்குகளில் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம், ஆனால் அரசுப் பணம் அவற்றில் கடைசியாக சீடிங் செய்யப்பட்ட ஒரே கணக்குக்குத்தான் போகும். ‘பணம் வரவில்லை’ என்று புலம்பும் சிலருக்கு அது மறந்துபோன இன்னொரு கணக்கில் வந்து கிடக்கும்.

படி 3: உங்கள் வகுப்புக்கு உரிய உதவித்தொகையைத் தேடுங்கள்

எட்டாம் வகுப்பு: அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எழுதக்கூடிய தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு இந்த வயதின் மிகப் பெரிய வாய்ப்பு என்று சொல்வேன். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.3,50,000-க்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் 50 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். மனத்திறன் பகுதியில் 90 வினாக்கள், பாடப் பகுதியில் 90 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடங்கள். தமிழ்நாட்டில் இத்தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகவே போகும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000, அதாவது நான்கு ஆண்டுகளில் ரூ.48,000 கிடைக்கும்.

தேர்வில் வென்றதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் நீங்கள் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், அதைப் பள்ளியும் மாவட்டமும் சரிபார்க்க வேண்டும், பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் தொகை தொடர்வதற்குப் பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு தேவை; பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 55 விழுக்காடு. பட்டியலில் பெயர் வந்த மகிழ்ச்சியில் இந்தப் பதிவை மறந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு இடம் மாறும் பிள்ளைகளுக்கு இது குறிப்பாக நேர்கிறது: பழைய பள்ளி அதைத் தன் பொறுப்பாக எண்ணாது, புதிய பள்ளிக்குச் செய்தியே தெரியாது. ஆகவே புதிய பள்ளியில் சேரும் முதல் வாரத்திலேயே, ‘நான் இத்தேர்வில் தேர்ச்சி பெற்றவர்’ என்று தலைமையாசிரியரிடம் எழுத்தாகக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு: கிராமப்புறப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. ஆண்டுக்கு ரூ.1,000 என்ற தொகை இன்று சிறியதுதான். ஆனாலும் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் என்று தேர்ந்தெடுப்பதால், அடுத்த தேர்வுகளுக்கு நல்ல பயிற்சியாக அமையும்.

மேல்நிலை வகுப்புகள்: பதினொன்றாம் வகுப்பில் நடக்கும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வைத் தனியார் பள்ளி மாணவர்கள் பலர் அறியாமலேயே விட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை ஒட்டி நடக்கும் இத்தேர்வில் 1,500 பேர் தேர்வாகி, மாதம் ரூ.1,500 வீதம் இரண்டு ஆண்டுகள் பெறுகிறார்கள். பாதி இடங்கள் அரசுப் பள்ளிகளுக்கு. மீதிப் பாதியில் சி.பி.எஸ்.இ. உட்பட மற்றப் பள்ளி மாணவர்கள் போட்டியிடலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டுமான தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வில் தேர்வாகும் 1,000 பேருக்கு ஆண்டுக்கு ரூ.10,000, இளநிலைப் பட்டம் முடியும் வரை வழங்கப்படுகிறது. இதற்கு ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் பாடநூல்களே அடிப்படை. எந்த வகுப்பினர் எழுதலாம், கடைசித் தேதி எது என்பனவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பாருங்கள். நண்பர் அனுப்பும் வாட்ஸ்அப் படம் போன ஆண்டினுடையதாக இருக்கலாம்.

கல்லூரியில் சேரும்போது: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இதில் அடங்குவர். விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும். பொறியியல் அல்லது டிப்ளமோ சேரும் பெண்கள், குடும்ப வருமானம் ரூ.8,00,000-க்குள் இருந்தால், ஆண்டுக்கு ரூ.50,000 வழங்கும் பிரகதி உதவித்தொகையைத் தவறாமல் பாருங்கள்.

படி 4: தன்னார்வப் பணியைப் பள்ளியிலிருந்தே தொடங்குங்கள்

வெளியில் அமைப்புகளைத் தேடுமுன், உங்கள் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, சாரண சாரணியர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றில் எவை உண்மையாகவே இயங்குகின்றன என்று விசாரியுங்கள். பெயர்ப்பலகை மட்டும் தொங்கும் அமைப்பில் சேர்வதைவிட, வாரந்தோறும் ஒழுங்காகக் கூடும் சிறிய அமைப்பே மேல்.

வெளியில் செய்யக்கூடியவற்றில் மூன்றைக் குறிப்பிடுகிறேன். சென்னையில் 1988 முதல் இயங்கும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு, ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் பொதுமக்களுக்கான இரவு நடைகளை நடத்துகிறது. பெற்றோருடன் சென்று பார்த்துவிட்டுச் சேர்வதைப் பற்றி முடிவெடுக்கலாம். ஊரைவிட்டு நகர முடியாதவர்கள், ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். வீட்டு மாடியிலோ ஏரிக்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளைப் பட்டியலிட்டு, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். கணினி மட்டுமே உள்ளவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவிலோ விக்கிமூலத்திலோ எழுதலாம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், உங்கள் ஊர் ஏரியைப் பற்றிச் சான்றுகளோடு ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள். ஒரே வாரத்தில் யாராவது அதைத் திருத்தியிருப்பார்கள். அந்தத் திருத்தத்தைக் கோபப்படாமல் படிப்பதே ஒரு நல்ல பயிற்சி.

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வு எழுதித் தருவது இந்த வயதினருக்கு மிகவும் பொருத்தமான பணி. எழுதித் தருபவரின் கல்வித் தகுதி தேர்வரைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் இருப்பதால், கல்லூரித் தேர்வர்களுக்கு மேல்நிலை மாணவர்கள் உதவ முடிகிறது. இரத்ததானம் மட்டும் 18 வயது வரை காத்திருக்கட்டும்.

சான்றிதழ் தருவதற்குப் பணம் கேட்கும் தன்னார்வ ‘இன்டர்ன்ஷிப்’களை நான் பரிந்துரைப்பதில்லை. நாள், செய்த வேலை, பொறுப்பாளரின் கையொப்பம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம், நேர்காணலில் அந்தச் சான்றிதழ்களைவிட அதிகம் பேசும்.

படி 5: வேலை தேடுமுன் சட்டம் அனுமதிக்கும் நேரத்தை அறியுங்கள்

1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. பள்ளி நேரத்துக்கு வெளியே குடும்பத்துக்கு உதவுவதும், கலைஞராகப் பங்கேற்பதும் மட்டும் நிபந்தனைகளோடு விதிவிலக்கு. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. ஆகவே பட்டாசு ஆலை வேலை எவ்வளவு கூலி தந்தாலும் கணக்கில் சேராது. மற்ற இடங்களில் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும், ஓய்வும் காத்திருப்பும் சேர்த்து மொத்தம் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு வேண்டும், மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது.

இந்தக் கடைசி விதியை நம் ஊர் வழக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முகூர்த்த நாள்களில் மாணவர்கள் போகும் கேட்டரிங் வேலை விடியற்காலைப் பந்தியில் தொடங்குகிறது. தீபாவளிக்குத் துணிக்கடைகளில் எடுக்கும் ஆள்கள் இரவு பத்து மணியைத் தாண்டி நிற்கிறார்கள். 18 நிரம்பாதவருக்கு இரண்டுமே சட்டத்துக்குப் புறம்பானவை. மூன்று ஆண்டு முடிந்ததும் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி நூற்பாலை விடுதிகளுக்குப் பெண் பிள்ளைகளை அழைக்கும் தரகர்களிடம் பெற்றோர் பேச்சையே தொடங்க வேண்டாம்.

அப்படியானால் எஞ்சுவது என்ன? சிறு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்து ஏழு மணிக்குள் பாடம் சொல்லித் தருவது, கோடை விடுமுறையில் புத்தகக் கடையிலோ ஜெராக்ஸ் கடையிலோ பகலில் உதவுவது, பெற்றோரின் கணக்கு வழியாகக் கட்டணம் பெற்றுத் தட்டச்சு, வடிவமைப்பு வேலைகளைச் செய்து கொடுப்பது ஆகியவை நடைமுறைக்கு ஏற்றவை. பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் வேலைக்குப் போவதா, தட்டச்சுப் பயிலகத்துக்குப் போவதா என்று கேட்டால், நான் பயிலகத்தையே சொல்வேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர் இளநிலைத் தட்டச்சுத் தேர்வை எழுதலாம். 18 வயதில் குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குப் போட்டியிட விரும்புபவருக்கு அந்தத் தகுதி கையில் இருக்கும். கைத்தொழிலில் நாட்டம் உள்ளவர்கள் அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மாதம் ரூ.750 உதவித்தொகையும் கிடைக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஒவ்வோர் அழைப்பையும் சோதித்துப் பாருங்கள்

முன்பணம் கேட்கும் வேலை, ‘லைக்’ போட்டால் பணம் என்னும் டெலிகிராம் குழு, உதவித்தொகையை ஏற்றுவதற்காக ஓ.டி.பி. கேட்கும் ‘கல்வி அதிகாரி’ ஆகிய மூன்றும் மோசடிகள். இவற்றைவிட ஆபத்தானது, ‘உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்’ என்னும் நண்பரின் நண்பர். அந்தக் கணக்கு வழியாகத் திருட்டுப் பணம் போனால், காவல் துறை முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். கணக்கு முடக்கப்படும்போது அதில் வர வேண்டிய உதவித்தொகையும் சேர்ந்து முடங்கும்.

உதவித்தொகை பற்றிய சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையும், வேலையிடத்தில் சிறார் துன்புறுத்தப்பட்டால் 1098 எண்ணையும் அழைக்கலாம். இணைய மோசடியில் பணம் போயிருந்தால் வீட்டில் திட்டு விழுமே என்று தயங்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள்; பரிவர்த்தனை எண், நேரம், எதிராளியின் கைபேசி எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.