மீன் கணக்கு: கூகுள் ஷீட்ஸில் தொடங்கி பாண்டாஸ் வரை

சென்னை காசிமேட்டில் மீனை ஏலம் எடுத்து, வண்ணாரப்பேட்டையில் சில்லறைக்கு விற்கும் ஓர் அக்காவின் நோட்டை வைத்துக்கொள்வோம். "வஞ்சிரம் 2, சங்கரா 3, மொத்தம் இவ்வளவு" என்று எல்லாம் ஒரே வரியில் இருக்கும். சங்கரா கிலோ சராசரியாக என்ன விலைக்குப் போனது என்று அந்த நோட்டைக் கேட்டால் பதில் வராது. அதே கணக்கைக் கணினியில் ஒழுங்காக ஏற்றினால் வரும்.

படி 1. கூகுள் ஷீட்ஸில் ஐந்து தலைப்புகள்: தேதி, மீன், எடை, விலை, தொகை. ஒரு விற்பனைக்கு ஒரு வரி. தேதியை ஒவ்வொரு வரியிலும் போடுங்கள். கட்டங்களை மெர்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து) அழகு பார்க்க வேண்டாம்.

படி 2. பாதி நேரம் இங்கேதான் போகும், போகட்டும். எடையில் "2 கிலோ" என்று அடித்தால் அது எழுத்து. கூட்டும்போது சம் (SUM) சூத்திரம் சத்தமில்லாமல் அதைத் தாண்டிவிடும். 2 மட்டும் போடுங்கள். எண் கட்டத்தின் வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். கண்ணை ஓட்டினாலே பிடிபடும்.

அடுத்து தேதி. ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேலை (எந்த நாட்டு முறை என்பதை) இந்தியா ஆக்குங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 25/3 எழுத்தாக நின்றுவிடும், மார்ச் 5 என்று நினைத்து அடித்த 5/3 மே 3 ஆகிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

"சங்கரா", "சங்கரா மீன்" இரண்டும் கணினிக்கு வேறு வேறு. இன்செர்ட் மெனுவில் டிராப்டவுன் (தேர்வுப் பட்டியல்) வைத்து, பெயரைத் தேர்ந்தெடுக்க மட்டும் விடுங்கள்.

படி 3. தொகைக்கு, எடையை விலையால் பெருக்கும் சூத்திரம். அதைக் கீழே வரை இழுத்துவிடுங்கள்.

படி 4. இன்செர்ட் மெனுவில் பிவட் டேபிள்: வரிகளை மீன்வாரியாகத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை. ரோஸ் (Rows) பகுதியில் மீன், வேல்யூஸ் (Values) பகுதியில் எடை, தொகை இரண்டுக்கும் சம். விலைக்கு ஆவரேஜ் போடத் தோன்றும், போடாதீர்கள். 10 கிலோ 300 ரூபாய்க்கும் 1 கிலோ 600 ரூபாய்க்கும் விற்றால் ஆவரேஜ் 450 என்று காட்டும். உண்மையில் 3,600 ரூபாயை 11 கிலோவால் வகுக்க வேண்டும்: சுமார் 327. மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுப்பதே சரியான சராசரி.

படி 5. ஒரு ஷீட் போதுமென்றால் இங்கேயே நின்றுவிடலாம். மாதத்துக்கு ஒரு கோப்பு சேர்ந்துவிட்டால்தான் பைதான் என்ற நிரல்மொழியும், அதில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற கருவித்தொகுப்பும் தேவை. ஒவ்வொன்றையும் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) இறக்கி, பிரவுசரிலேயே பைதான் ஓட்டும் கூகுள் கொலாபில் ஏற்றுங்கள். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். பாண்டாஸில் ரீட் சிஎஸ்வி (read_csv) கோப்பைப் படிக்கும், கான்கேட் (concat) எல்லா மாதங்களையும் ஒன்றாக அடுக்கும், குரூப்பை (groupby) பிவட் செய்த அதே வேலையைச் செய்யும். தமிழ்த் தலைப்புகளை அப்படியே ஏற்கும். எழுத்தாக வரும் தேதியை உண்மையான தேதியாக மாற்றும்போது மட்டும், நாள்தான் முதலில் என்று சொல்லும் டேஃபர்ஸ்டை ட்ரூ (dayfirst=True) என்று கொடுங்கள். இல்லையென்றால் பழைய 5/3 சிக்கல் இங்கேயும் வரும்.

மாதவாரியாகப் பிரிக்கும்போது ஏப்ரலையும் ஜூனையும் முழு மாதமாக எடுக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வரத்து குறையும், விலை வேறாக இருக்கும். "காலம்" என்று தனித் தலைப்பு சேர்த்து, அந்த வரிகளுக்குத் "தடை" என்றும் மற்றவற்றுக்கு "சாதா" என்றும் போட்டு, குரூப்பையில் மீனோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள்.