பின் ரயர் வழுக்கின கதை

போன மாரியில் முதல் தூறல் விழுந்த அன்று மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் பைக்கில் பிரேக் பிடிக்க, பின் சில்லு பாம்பு மாதிரி இழுத்துக்கொண்டு போனது. விழவில்லை, ஆனால் உயிர் போய் வந்தது. ரயரில் வெட்டு, அதாவது ரோட்டைப் பிடிக்கிற பள்ளக் கோடுகள், இன்னும் தெரிந்ததால் முதலில் ரோட்டைத்தான் திட்டினேன், அதுவும் முழுப்பொய் இல்லை, காய்ந்த ரோட்டில் படிந்த ஒயிலும் தூசியும் முதல் மழையில்தான் மேலே மிதந்து வரும்.

பிறகுதான் ரயரின் பக்கத்தில் இருந்த நாலு இலக்கத்தைப் பார்த்தேன்: 2314. அதாவது 2014இன் 23ஆவது வாரம் செய்தது! வெயிலில் நின்று நின்று ரப்பர் கல்லு மாதிரி இறுகிவிட்டது. நடுப்பகுதி மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தது என் பிழை, கொக்கட்டிச்சோலையில் இருந்து நெல்மூட்டை ஏற்றுவதற்குக் காற்றைக் கூட்டி அடித்துவிட்டு பிறகு குறைக்கவே இல்லை.

சரி, புது ரயர் போட்டாயிற்று. இப்போது காலையில், ஓடிச் சூடாக முன்னமே காற்றுப் பார்க்கிறேன், என் பைக்கிற்கு முன்னுக்கு 25 PSI (காற்றழுத்த அளவு), பின்னுக்கு 28, ஆள் ஏறினால் பின்னுக்குக் கொஞ்சம் கூட. புது ரயரின் மேல்தோல் வழுக்கும் என்பதால் முதல் 150 கிலோமீட்டர் மெதுவாகத்தான் ஓடினேன். கடைக்காரர் பளபளப்புக்குப் பொலிஷ் பூச வந்தார், அதுவும் வழுக்கும், வேண்டாம் அண்ணன் என்று மறித்துவிட்டேன்.