டெலஸ்கோப்புக்கு முன்னால் மவுண்ட்: வானத்தைப் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

"இவ்வளவு பணம் வைத்திருக்கிறேன், எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது, எதைப் படமெடுக்க ஆசை என்பதை. நிலா, வியாழன், சனி என்றால் ஒரு வழி. ஓரியன் நெபுலா (வாயுவும் தூசியும் கலந்த மேகம்), ஆண்ட்ரோமெடா கேலக்ஸி என்றால் கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரான வழி. இரண்டையும் ஒரே கருவியில் நன்றாக எடுத்துவிடலாம் என்று கடையில் யாராவது சொன்னால் அவசரப்படாமல் வீட்டுக்கு வந்து யோசியுங்கள்.

இங்கே நான் அதிகம் பேசப்போவது இரண்டாவது வழியைப் பற்றி, அதாவது மங்கலான பொருள்களை நீண்ட எக்ஸ்போஷரில் (ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து) எடுப்பது. அதில் முதல் பாடம் இதுதான்: கையில் இருக்கிற பணத்தில் பாதியை மவுண்ட்டுக்கு, அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் அடிப்பகுதிக்கு, ஒதுக்குங்கள். டெலஸ்கோப் அப்புறம், கேமரா அதற்கும் அப்புறம்.

ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அதாவது நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்). உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதற்கு ஒரு சுலபமான சூத்திரம் உண்டு: பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206-ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுக்க வேண்டும். சாதாரண 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர சென்சார் அளவு) டிஎஸ்எல்ஆரில் பிக்சல் சுமார் 3.7 மைக்ரான். அதில் 50 மி.மீ. லென்ஸ் மாட்டினால் ஒரு பிக்சலுக்கு 15 ஆர்க்செகண்ட், ஆகவே ஒரு நொடிக்கு நட்சத்திரம் ஒரு பிக்சல்தான் நகரும், ஐந்தாறு நொடி திறந்து வைத்தாலும் பெரிதாகத் தெரியாது. அதே கேமராவை 750 மி.மீ. டெலஸ்கோப்பில் மாட்டுங்கள், ஒரே நொடியில் 15 பிக்சல் ஓடிவிடும். கடுகு மாதிரி உருண்டையாக இருக்க வேண்டிய நட்சத்திரம் சீரகம் மாதிரி நீண்டுபோகும். டெலஸ்கோப் பெரிதாகப் பெரிதாக இந்தத் தொல்லையும் பெரிதாகும், அதைத் தீர்ப்பது கண்ணாடியோ லென்ஸோ அல்ல, வானத்தோடு சேர்ந்து துல்லியமாகத் திரும்பும் மவுண்ட்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் வாங்கியது 150 மி.மீ. கண்ணாடியும் 750 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட நியூட்டோனியன் (லென்ஸுக்குப் பதில் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப்), கூடவே மெலிந்த கால்களோடு ஒரு சின்ன மவுண்ட். கேமரா மாட்டலாம் என்று விற்றவர் சொன்னார், மாட்டவும் முடிந்தது. ஆனால் ஃபோகஸர் குழாயை உள்ளே கடைசி வரை தள்ளியும் நிலா தெளியவே இல்லை, இன்னும் இரண்டு செ.மீ. உள்ளே போக வேண்டியிருந்தது. கண்ணால் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட பல நியூட்டோனியன்களில் இந்தக் குறை உண்டு: ஐபீஸுக்கு (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) குவியும் புள்ளி சரியாக இருக்கும், டிஎஸ்எல்ஆரின் சென்சார் உடம்புக்குள் ஆழமாக உட்கார்ந்திருப்பதால் அந்தப் புள்ளி அதுவரை எட்டாது. முதன்மைக் கண்ணாடியை முன்னால் நகர்த்தலாம், குவியத் தூரத்தை நீட்டும் பார்லோ லென்ஸ் சேர்க்கலாம், உயரம் குறைந்த ஃபோகஸர் போடலாம். ஆனால் புதிதாக வாங்குபவர் இந்த வேலையெல்லாம் செய்ய வேண்டியதில்லை. "என் கேமராவை மாட்டி யாராவது இதில் ஃபோகஸ் செய்திருக்கிறார்களா?" என்று வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம்.

சரி, எப்படித் தொடங்குவது?

ஏற்கெனவே டிஎஸ்எல்ஆரோ மிர்ரர்லெஸ்ஸோ வைத்திருந்தால் டெலஸ்கோப்பே வாங்காதீர்கள். ஒரு ஸ்டார் டிராக்கர் வாங்குங்கள். கேமராவின் ட்ரைபாட் மேலேயே உட்காரும் சின்ன மோட்டார் மவுண்ட் அது. ஸ்கைவாட்ச்சரின் ஸ்டார் அட்வென்ச்சரர் வகை 5 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். இந்த எடைக் கணக்கில் ஒன்றை நினைவில் வையுங்கள்: கம்பெனி சொல்வது மவுண்ட் தூக்கும் எடை. படமெடுக்க அதில் பாதி, மிஞ்சிப்போனால் அறுபது சதவீதம்தான் ஏற்றலாம். அதற்கு மேல் போனால் லேசான காற்றுக்கே படம் ஆடும்.

அந்த டிராக்கரில் ஒரு பழைய 135 அல்லது 200 மி.மீ. ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ். 200 மி.மீ. லென்ஸ் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஆறு டிகிரிக்கு மேல் அகலமாகக் காட்டும். முழுநிலாவின் அகலம் அரை டிகிரி என்று வைத்துப் பாருங்கள், பன்னிரண்டு நிலாவை வரிசையாக அடுக்கலாம். ஓரியனின் இடுப்புப் பட்டையில் உள்ள மூன்று நட்சத்திரங்களும் கீழே தொங்கும் நெபுலாவும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். ஆண்ட்ரோமெடா மூன்று டிகிரி நீளம், கார்த்திகைக் கூட்டம் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி. வானத்தில் நாம் ஆசைப்படும் பல பொருள்கள் மங்கலானவை, ஆனால் சின்னவை அல்ல. அவற்றுக்கு உருப்பெருக்கம் வேண்டாம், நேரம்தான் வேண்டும்.

அடுத்த படிக்குப் போகும்போது 60 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள ஈடி ரிஃப்ராக்டர் (முன்னால் லென்ஸ் உள்ள டெலஸ்கோப்), 350 முதல் 450 மி.மீ. குவியத் தூரம். ஈடி என்ற எழுத்துகள் முக்கியம், நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் தனிவகைக் கண்ணாடியைக் குறிப்பவை அவை. சாதாரண இரட்டை லென்ஸ் ரிஃப்ராக்டரில் நீல ஒளி வேறிடத்தில் குவிந்து, பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா வளையம் கட்டும். கூடவே ஃபீல்ட் ஃப்ளாட்டனர் (படத்தின் ஓரங்களையும் சமமாகக் குவியவைக்கும் லென்ஸ்) ஒன்றும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூலை நட்சத்திரங்கள் இழுத்துக்கொண்டு போகும். இந்த அளவு டெலஸ்கோப்புக்கு ஹெச்இக்யூ5 போன்ற ஈக்வடோரியல் மவுண்ட் (ஒரே அச்சில் சுற்றி வானத்தைப் பின்தொடர்வது) தாராளம், பல ஆண்டுகள் மாற்றவே தோன்றாது.

கிரகம்தான் ஆசை என்றால் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு எட்டு அங்குல டாப்சோனியனுக்கு (எளிய பெட்டி மவுண்ட்டில் உட்காரும் பெரிய நியூட்டோனியன்) போங்கள். வியாழனின் தட்டு பெரிதாகத் தெரியும் நாளிலும் 50 ஆர்க்செகண்ட்தான், அதற்கு விட்டமும் குவியத் தூரமும் இரண்டும் வேண்டும். சின்ன கிரகக் கேமராவில் ஆயிரக்கணக்கான ஃப்ரேம்களாக வீடியோ எடுத்து, ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருளில் கூர்மையானவற்றை மட்டும் பொறுக்கிச் சேர்ப்பார்கள். பிக்சல் அளவை (மைக்ரானில்) ஐந்தால் பெருக்கினால் வரும் எண் உங்களுக்கு ஏற்ற எஃப் விகிதம் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது), 2.9 மைக்ரானுக்கு எஃப் 14 அல்லது 15. அதற்குத் தகுந்த பார்லோவைத் தேர்ந்தெடுக்கலாம். மொட்டை மாடியில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டைக் கக்கும், அந்த அலையில் கிரகம் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். விடிகாலை மூன்று மணிக்கு எடுத்துப் பாருங்கள், வேறு டெலஸ்கோப்பில் எடுத்தது மாதிரி இருக்கும்.

இப்போது நம் ஊருக்கு மட்டுமே உரிய ஒரு சங்கதி. ஈக்வடோரியல் மவுண்ட்டின் அச்சு, வானம் சுற்றும் மையப் புள்ளியான வான துருவத்தை நோக்க வேண்டும். துருவ நட்சத்திரம் உங்கள் ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் தெரியும்: சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10, கன்னியாகுமரியில் வெறும் 8. அதாவது எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே போதும், மறைந்துவிடும். ஐரோப்பிய வீடியோக்களில் போலார் ஸ்கோப்பில் (அச்சுக்குள் இருக்கும் சின்ன தொலைநோக்கி) எட்டிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் முடிப்பதைக் காட்டுவார்கள், நமக்கு அது எல்லா இடத்திலும் நடக்காது. லேப்டாப் வைத்திருந்தால் நீனா மென்பொருளின் மூன்று புள்ளி போலார் அலைன்மென்ட் (துருவச் சீரமைப்பு) துருவ நட்சத்திரத்தைப் பார்க்காமலே வேலையை முடித்துத் தரும்.

வாங்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும். சில மவுண்ட்களின் அட்சரேகைத் திருகு நம் ஊர் அளவுக்குக் கீழே இறங்காது, விவரக்குறிப்பில் குறைந்தபட்ச அட்சரேகையைப் பாருங்கள். இறங்கினாலும் எதிர் எடைத் தண்டு ட்ரைபாட் காலில் போய் இடிக்கலாம். வடக்குப் பக்கம் கால் வராதபடி ட்ரைபாடைத் திருப்புவது, அல்லது இடையில் ஒரு நீட்டிப்புக் குழாய் போடுவது, இரண்டில் ஒன்று செய்ய வேண்டிவரும்.

ஆனால் தெற்கே இருப்பதில் கிடைக்கும் வரம் பெரிது. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரக் கொத்து ஏப்ரல், மே இரவுகளில் சென்னை வானில் 30 டிகிரி உயரம் ஏறும், லண்டனில் இருப்பவருக்கு அது எழவே எழாது. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986 முதல் இதே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கேமராவைப் பொறுத்தவரை பழைய டிஎஸ்எல்ஆர் போதும். ஒரே குறை, சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் சிவப்பைப் பெருமளவு தடுத்துவிடும். ஓரியன் நெபுலா பிரகாசமானது என்பதால் தப்பிக்கும், அதற்குக் கொஞ்சம் மேலே உள்ள குதிரைத் தலை நெபுலா மங்கிப்போகும். வடிகட்டியை எடுத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் வருடம் அதில் கை வைக்க வேண்டாம். மாதத்துக்கு ஓர் இரவுதான் கிடைக்கும், மாட்டிக் கழற்ற நேரமில்லை என்பவர்களுக்கு 2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் டெலஸ்கோப் நல்ல வழி. 50 மி.மீ. விட்டம், 250 மி.மீ. குவியத் தூரம், தானே தேடி, தானே ஃபோகஸ் செய்து, தானே அடுக்கிக் கொடுக்கும். சட்டம் சிறியது, ஆண்ட்ரோமெடா முழுசாக உட்காராது. அது போதும் என்றால் மனநிறைவோடு வாங்குங்கள்.

முதல் இரவுக்கு வருவோம், டிராக்கரும் 200 மி.மீ. லென்ஸும் வைத்து ஓரியன் நெபுலாவை எடுக்கலாம். வடகிழக்குப் பருவமழை விலகிய பிறகு, ஜனவரி, பிப்ரவரி. நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்து முன்னும் பின்னும் நாலைந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். நகர வெளிச்சத்தை விட்டு ஒரு மணி நேரமாவது வெளியே போங்கள், தனியாக வேண்டாம். வனத்துறை இடமென்றால் அனுமதி வாங்கிவிட்டு, பக்கத்து ஊர்க்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மவுண்ட்டை மட்டமாக வைத்து துருவத்துக்குச் சரிசெய்யுங்கள். 200 மி.மீ. லென்ஸில் ஒரு நிமிட எக்ஸ்போஷருக்கு 10 ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு) பிழை இருந்தாலும் நகர்வு ஒரு பிக்சலைத் தாண்டாது, அதனால் அதிலேயே இரவைத் தொலைக்க வேண்டாம். அடுத்தது ஃபோகஸ், இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்கு முன்னால் பாட்டினோவ் மாஸ்க் என்ற கோடு வெட்டிய தகட்டை வைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை, சிரியஸையோ ரைகலையோ லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். எக்ஸ் வடிவில் இரண்டு கீற்று தெரியும், நடுவில் மூன்றாவது ஒன்று ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். ஃபோகஸ் வளையத்தை மயிரிழை அளவு திருப்பத் திருப்ப அது ஊர்ந்து வந்து சரியாக நடுவை வெட்டும், அங்கே நிறுத்தி, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மாஸ்க்கை எடுக்க மறக்காதீர்கள். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் நகரும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

ரா ஃபைல், ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, ஒரு நிமிடம், இடைவெளி டைமரில் அறுபது படம். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமின் (வெளிச்சப் பரவல் வரைபடம்) மேடு இடமிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் சரி. நெபுலாவின் நடுப்பகுதி வெளுத்துவிடும், அதற்காக ஐந்து நொடியில் இருபது படம் தனியாக. 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் இதே நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடிக்க 51 நிமிடம் தட்டைத் திறந்து வைத்திருந்தார். அதே நேரத்தை நாம் ஒரு நிமிடத் துண்டுகளாகச் சேர்க்கிறோம், இடையில் லாரி வெளிச்சம் அடித்தாலும் ஒரு துண்டுதான் போகும். படங்களின் எண்ணிக்கையை நாலு மடங்காக்கினால் இரைச்சல் பாதியாகும்.

முடித்ததும் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே நேரத்தில் இருபது டார்க் (சென்சாரின் இரைச்சலைக் கழிக்க எடுக்கும் இருட்டுப் படம்). விடிந்ததும் ஃபோகஸைத் தொடாமல் லென்ஸ் வாய்மேல் வெள்ளை வேட்டித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, வெளுத்த வானத்தைப் பார்த்து இருபது ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்). சோம்பல் பட்டு ஃப்ளாட்டை விடாதீர்கள், சென்சார் தூசியும் மூலை இருட்டும் அதில்தான் போகும். பனி விழும் மாதம் என்பதால் லென்ஸைச் சுற்றி யூஎஸ்பி ஹீட்டர் பட்டை ஒன்று கட்டாயம். வீடு வந்ததும் பையை உடனே திறக்காமல் அறையின் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு துடைத்து சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். நம் ஈரப்பதத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் மீட்பது கஷ்டம்.

படங்களை அடுக்கிச் சேர்ப்பதற்கு சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் இரண்டுமே இலவசம். அடுக்கி முடித்த படம் திறந்ததும் கறுப்பாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஹிஸ்டோகிராமை மெல்ல இழுங்கள், முதலில் சாம்பல் புகை மாதிரி ஒன்று, அப்புறம் நெபுலாவின் இறக்கை போன்ற ஓரம், அப்புறம் அதன் இளஞ்சிவப்பு.

அங்கே நிறுத்திவிட்டு, அடுத்த செலவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் படத்தை முழு அளவில் பெரிதாக்கி நட்சத்திரங்களைப் பாருங்கள். படம் முழுக்க ஒரே திசையில் சீரகமாக நீண்டிருந்தால் கோளாறு டிராக்கிங்கில்: துருவச் சீரமைப்பு, அதிக எடை, காற்று, இந்த வரிசையில் தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நீள்கிறதென்றால் ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்ட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் சின்ன கைடு ஸ்கோப்பும் பிஹெச்டி2 மென்பொருளும் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது. நடுவில் கடுகாக இருந்து மூலைகளில் மட்டும் இழுத்தால் லென்ஸின் துளையை ஒரு ஸ்டாப் சுருக்குங்கள், டெலஸ்கோப் என்றால் ஃப்ளாட்டனர் இடைவெளியை அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் ஊதினாற்போல் இருந்தால் ஃபோகஸ், அதற்குப் பணம் எதுவும் செலவில்லை.